நிதிப் பற்றாக்குறை எனும் பூச்சாண்டி

பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட 2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கையை முதலாளித்துவ ஊடகங்கள் இரண்டு காரணங்களுக்காகப் புகழ்கின்றன. நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.4 விழுக்காடாகக் குறைக்கப்படுகிறது என்பது ஒன்று. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் பெறுவோர் புதிய முறையில் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இந்தச் சலுகையால் மக்களின் நுகர்வு பெருகும், அதனால் வளர்ச்சி மீளும் என்று நிதியமைச்சர் கூறுகிறார். நாட்டில் வாங்கும் சக்தி போதவில்லை என்பதை அரசே இவ்வாறு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அதற்கான மருந்தை யாருக்குக் கொடுக்கிறது என்பதில்தான் அதன் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது.

அரசின் செலவுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2024-25 நிதியாண்டின் அனுபவமே போதும். 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் ஒன்றிய அரசின் மூலதனச் செலவு முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைந்தது. ஜூலை-செப்டம்பர் காலாண்டில் பொருளாதாரம் 7 விழுக்காடு வளரும் என ரிசர்வ் வங்கி கணித்திருந்தது. நவம்பர் இறுதியில் வெளியான மதிப்பீடோ 5.4 விழுக்காடு என்றது. இந்தச் சரிவுக்கு அரசின் செலவுக் குறைப்பு ஒன்றே காரணம் அல்ல. ஊதியத் தேக்கமும் நகர்ப்புற நுகர்வின் சோர்வும் சேர்ந்தே இயங்கின. எனினும், தனியார் மூலதனம் முதலீட்டுக்கு முன்வராத நிலையில், அரசும் கையைச் சுருக்கிக்கொண்டால் என்ன நேரும் என்பது தெளிவாகிவிட்டது.

அரசு ஒதுங்கி நின்றால் அந்த இடத்தைத் தனியார் முதலீடு நிரப்பும் என்பது தாராளமயத்தின் அடிப்படை வாதம். அரசு கடன் வாங்கினால் தனியாருக்குக் கிடைக்க வேண்டிய பணம் குறைந்துவிடும் என்றும், பெருமுதலாளிகளின் வரியைக் குறைத்தால் அவர்கள் மீதத் தொகையைக் கொண்டு ஆலைகள் தொடங்குவார்கள் என்றும் சொல்லப்படுகிறது. 2019 செப்டம்பர் 20 அன்று இந்த வாதம் முழு அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கார்ப்பரேட் வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. இதனால் ஓர் ஆண்டில் மட்டும் 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என அரசே அறிவித்தது.

விளைவு என்ன? பெருந்தொற்று ஊரடங்கு அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான் தொடங்கியது. ஆனாலும் முந்தைய ஆண்டில் 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்த வளர்ச்சி, அந்த ஆண்டில் 4 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிட்டது. நிறுவனங்களின் இலாபம் உயராமல் இல்லை. 2023-24இல் பெரும் நிறுவனங்களின் இலாபம் 22.3 விழுக்காடு உயர்ந்தபோது வேலைவாய்ப்பு வெறும் 1.5 விழுக்காடே கூடியது என்று ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே குறிப்பிடுகிறது. ஆலையில் ஏற்கெனவே உள்ள இயந்திரங்களில் முக்கால் பங்கே ஓடிக்கொண்டிருக்கையில், எந்த முதலாளியும் வரி மிச்சமானது என்பதற்காகப் புதிய இயந்திரம் வாங்க மாட்டார். சரக்கு விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வாங்குவார். அந்த நம்பிக்கையைத் தருவது மக்களின் கையிலுள்ள பணமே.

எனவே அரசு எவ்வளவு செலவிடுகிறது என்பதோடு, எதற்குச் செலவிடுகிறது என்பதும் முக்கியமாகிறது. ஊரக வேலைத் திட்டத்தில் பெறும் கூலி அரிசி, பருப்பு, செருப்பு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என உள்ளூர்க் கடைக்கே செல்கிறது. கடைக்காரர் அதைக் கொண்டு மேலும் சரக்கு எடுக்கிறார். அந்தச் சரக்கைச் செய்யும் சிறு தொழிற்கூடத்தில் வேலை கூடுகிறது. அரசு செலவிட்ட ஒரு ரூபாய் இவ்வாறு பல கைகள் மாறி, ஒரு ரூபாய்க்கும் அதிகமான வருமானத்தை உருவாக்குகிறது. அதே ஒரு ரூபாய் பெருமுதலாளிக்கு வரிச் சலுகையாகப் போனால், பெரும்பகுதி பங்குச் சந்தையிலோ நில வணிகத்திலோ போய்ச் சேர்கிறது.

பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்குச் சுமார் 1.11 லட்சம் கோடி ரூபாய் செலவிடப்பட்டது. நகரங்களிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களின் அடுப்பு எரிய அதுவே துணை நின்றது. 2025-26 நிதிநிலை அறிக்கையின் ஒதுக்கீடு 86,000 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டும் இதே தொகைதான். விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால் இது வெட்டேயாகும். வருமான வரிச் சலுகைக்காக அரசு விட்டுக்கொடுப்பதாகக் கூறும் தொகை ஒரு லட்சம் கோடி ரூபாய். வருமான வரி செலுத்தும் அளவுக்கு வருவாய் இல்லாத கோடிக்கணக்கான விவசாயத் தொழிலாளர்கள், அமைப்புசாராத் தொழிலாளர்கள், சிறு விவசாயிகள் ஆகியோருக்கு இதில் ஒரு காசும் இல்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அவர்கள் செலுத்திவந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி அந்த நிதிநிலை அறிக்கையின்போது அப்படியே தொடர்ந்தது.

மூலதனச் செலவை உயர்த்திவிட்டதாக அரசு பெருமை பேசுகிறது. 2024-25இல் ஒதுக்கப்பட்ட 11.11 லட்சம் கோடி, திருத்திய மதிப்பீட்டில் 10.18 லட்சம் கோடியாகக் குறைந்தது. 2025-26ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீடு 11.21 லட்சம் கோடி. இதில் ஏறத்தாழப் பாதி நெடுஞ்சாலைகளுக்கும் ரயில்வேக்கும் போகிறது. சாலையும் தண்டவாளமும் தேவைதான். ஆனால் பெரும் இயந்திரங்களையும் பெரும் ஒப்பந்ததாரர்களையும் நம்பி நடக்கும் அப்பணிகளில் வேலைவாய்ப்பு ஒப்பளவில் குறைவு. பள்ளி ஆசிரியரின் ஊதியம், ஆஷா ஊழியரின் ஊக்கத்தொகை, அங்கன்வாடிக் குழந்தையின் முட்டை ஆகியவையோ ‘வருவாய்ச் செலவு’ என்று முத்திரை குத்தப்பட்டு வீண்செலவாகச் சித்திரிக்கப்படுகின்றன. படித்த, நலமான உழைப்பாளர் இல்லாமல் எந்தச் சாலை வளர்ச்சியைக் கொண்டுவரும்?

பற்றாக்குறை கூடினால் விலைவாசி ஏறும், கடன் பெருகும் என்ற எதிர்வாதத்தை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. 2025-26 நிதிநிலை அறிக்கைப்படி ஒன்றிய அரசின் செலவில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 12.76 லட்சம் கோடி ரூபாய், வட்டிக்கே போகிறது என்பது உண்மை. ஆனால் ஆலைகள் ஓரளவு ஓய்ந்தும், இளைஞர்கள் வேலையின்றியும் இருக்கும்போது, கூடுதல் கிராக்கி முதலில் உற்பத்தியையே பெருக்கும். செலவை வெட்டிக் கடனைக் குறைத்துவிடலாம் என்ற வழியில் கிரீஸ் நாடு சென்றது. 2010க்குப் பின் அங்கு திணிக்கப்பட்ட சிக்கன நடவடிக்கைகளோடு பொருளாதாரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. வருமானம் சுருங்கவே, அதனோடு ஒப்பிட்ட கடனின் விகிதம் குறையவில்லை, ஏறியது. செலவுக் குறைப்பு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதைத் தங்கள் கணிப்புகள் குறைவாக மதிப்பிட்டுவிட்டன என்று சர்வதேச நிதியத்தின் பொருளாதார அறிஞர்களே 2013இல் எழுதினர்.

இவ்வளவு தெளிவான அனுபவம் இருந்தும் ஆளும் வர்க்கம் பற்றாக்குறைப் பூச்சாண்டியைக் கைவிட மறுப்பது ஏன்? போலந்து நாட்டுப் பொருளியலாளர் மிகைல் கலெக்கி 1943இலேயே இதற்கு விடை தந்தார். அரசின் செலவால் அனைவருக்கும் வேலை கிடைத்துவிட்டால், வேலைநீக்கம் என்ற அச்சுறுத்தல் தொழிலாளியிடம் பலிக்காது. ஆகவே இலாபம் கூடுவதாக இருந்தாலும் முதலாளிகள் அதை எதிர்ப்பார்கள் என்றார். இன்று அதனோடு சர்வதேச நிதி மூலதனத்தின் நெருக்கடியும் சேர்ந்துள்ளது. தர மதிப்பீட்டு நிறுவனங்களின் புருவம் உயர்ந்தால் மூலதனம் வெளியேறிவிடும் என்ற அச்சத்தில் நாட்டின் நிதிநிலை அறிக்கை எழுதப்படுகிறது. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் இந்தக் கீழ்ப்படிதலுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. மாநில அரசுகளின் கழுத்தை நெரிக்கும் கயிறும் இதே கொள்கைதான். மக்கள் நலத் திட்டங்களைக் காக்க முயன்ற கேரள அரசு, கடன் வரம்பைச் சுருக்கியதற்கு எதிராக உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

2020-21இல் 9.2 விழுக்காடாக இருந்த பற்றாக்குறை 4.4 விழுக்காடாக இறங்குவது எவ்வாறு? அதே காலத்தில் ஒன்றிய அரசின் மொத்தச் செலவு, உள்நாட்டு உற்பத்தியில் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததிலிருந்து சுமார் 14 விழுக்காடாகச் சுருங்கியுள்ளது. செல்வந்தர்களிடம் கூடுதலாகத் திரட்டியிருந்தால் இந்த வெட்டு தேவைப்பட்டிருக்காது. 2018-19இல் கார்ப்பரேட் வரி வசூல், தனிநபர் வருமான வரியைவிட அதிகம். 2025-26 மதிப்பீட்டில் கார்ப்பரேட் வரி 10.82 லட்சம் கோடி. தனிநபர் வருமான வரி 14.38 லட்சம் கோடி. வாரிசுச் சொத்துகள் மீதான வரி 1985இலும், செல்வ வரி 2015 நிதிநிலை அறிக்கையிலும் ஒழிக்கப்பட்டன.

“இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?” என்ற கேள்வி ஒவ்வொரு தெருமுனைக் கூட்டத்திலும் நம்மிடம் கேட்கப்படும். பற்றாக்குறையை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமலேயே இதற்கு வழி உண்டு. சேமித்து வைப்பவரிடம் வரியாகத் திரட்டி, செலவழிக்கும் தேவை உள்ளவரிடம் கூலியாகச் சேர்த்தால், மொத்தக் கிராக்கி உயரும், உற்பத்தி உயரும், வேலையும் உயரும். செல்வ வரியையும் வாரிசு வரியையும் மீட்பது, கார்ப்பரேட் வரிச் சலுகையைத் திரும்பப் பெறுவது, நூறு நாள் வேலைக்கும் பொது விநியோகத்துக்கும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் அத்தொகையை ஒதுக்குவது என்ற நமது கோரிக்கைகள் நீதிக்கானவை. நாட்டின் வளர்ச்சிக்கான வழியும் அவையே. நிதிநிலை அறிக்கையின் எண்களை மக்கள் மொழியில் எடுத்துச் சொல்லும் பணியை ஒவ்வொரு கிளையும் இப்போதே தொடங்க வேண்டும்.