ஜவ்வாது மலை ட்ரிப்: செலவு கம்மிதான், காசு யாருக்குப் போகுது?

ஊட்டி, கொடைக்கானல் ரூம் வாடகையைப் பார்த்துத் தலைசுற்றுபவர்களுக்கு ரீல்ஸ் காட்டும் மாற்று, ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை இது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு அரசு பஸ் ஏறினால் போதும். பீமன் அருவி, படகுச் சவாரி, வழியெல்லாம் காடு. காலையில் ஏறி சாயங்காலம் இறங்கிடலாம், செலவே ஆகாது என்கிறார்கள்.

சிக்கலே அந்த 'செலவே ஆகாது'தான்.

பிரியாணி பார்சல், தண்ணி பாட்டில், சிப்ஸ் எல்லாத்தையும் கீழேயே வாங்கிக்கொண்டு போனால், மலைக்கு மிஞ்சுவது காலி பாட்டில். அங்கே தலைமுறைகளாக வாழும் மலையாளி பழங்குடியினருக்கு (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) அந்த ட்ரிப்பால் என்ன லாபம்? சாமை, தேன், புளி, பலா, சீத்தாப்பழம் என விற்க அவர்களிடம் நிறைய இருக்கிறது. ஜமுனாமரத்தூர் கடையில் சாப்பிட்டு, ரெண்டு கிலோ சாமையை அங்கேயே பேரம் பேசாமல் வாங்கினாலும் பட்ஜெட் ஒன்றும் உடைந்துவிடாது. ஒரு ராத்திரி தங்கினால் இன்னும் நல்லது.

ராத்திரிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. நகர வெளிச்சம் எட்டாத வானத்துக்காகத்தான் 1960களில் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. 1988இல் காவலூரில் கண்டுபிடித்த சிறுகோளுக்கு கணிதமேதை ராமானுஜன் பெயரையே வைத்தார்கள். இருட்டு கெட்டால் அந்த வேலையும் கெடும்.

ஆகவே 'வசதியே இல்லை' என்று ரிவ்யூ போடுபவர்கள் எந்த வசதியைக் கேட்கிறோம் என்று யோசிக்கணும். கழிப்பறை, குப்பைத்தொட்டி, கூடுதல் பஸ் எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கும் வேண்டியது, தாராளமா கேளுங்க. விடிய விடிய ஃபோகஸ் லைட் எரியும் ரிசார்ட் வேண்டாம். அதுதான் வேணும்னா பக்கத்திலேயே ஏலகிரி இருக்கே!

காவலூர் ஆய்வகத்தில் வழக்கமாக சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுகிறார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. வானம் தெளிவாக இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஆனால் மழை ஓய்ந்து வெயில் ஏற ஏற அருவியில் தண்ணி குறைந்துவிடும். அருவியா, நட்சத்திரமா என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கோங்க.