அட்டைப்பெட்டிக்கும் ஊர் உண்டு



சீசன் தொடங்கிவிட்டது. உங்களில் பலர் இந்நேரம் ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்து வைத்திருப்பீர்கள். ஊட்டி வரை போனவர்கள் கூடலூர் சாலையில் இன்னும் 20 கிலோமீட்டர் போய்ப் பைக்காராவில் படகு ஏறாமல் திரும்புவது அபூர்வம். மலை இறங்கும்போது கையில் வர்க்கி, சாக்லேட், டீத்தூள் இருக்கும். எல்லாமே அட்டைப்பெட்டியில்தான்.

பிளாஸ்டிக்கிலிருந்து காகிதத்துக்கு மாறுவதில் நீலகிரி பல ஊர்களை முந்திக்கொண்டது. சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோது, 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே, பிளாஸ்டிக் ஒழிப்பு அங்கே தொடங்கிவிட்டது. மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்று. (பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. டீக்கடைகளுக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது!) தடை நல்ல காரியம்தான். ஆனால் கையில் இருப்பது காகிதம் என்று தெரிந்ததுமே நாம் நிம்மதியாகிவிடுகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கப் பைக்காராவை விடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். காலியான வர்க்கிப் பெட்டி ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். மேலே வழவழவென்று வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம் என்றால் அது டூப்ளக்ஸ் அட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் அடுக்கில் பொடிப்பொடியாக மைப் புள்ளிகள் தெரியும். பழைய பேப்பர்காரரிடம் நாம் எடைக்குப் போட்டதுதான் ஊறி, அரைபட்டு இப்படித் திரும்பி வந்திருக்கிறது. ஊட்டிக்கு ஏறும் வழியிலுள்ள மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், ஐடிசியின் கோவை ஆலை கழிவுக் காகிதத்திலிருந்துதான் அட்டை செய்கிறது. உள்ளும் புறமும் வெள்ளையாக இருந்தால், அநேகமாக அது புதிதாக வெட்டிய மரத்தின் கூழ்.

அந்த மரம் எங்கே நின்றது?

பைக்காரா அணையைச் சுற்றி அடர்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்து ‘என்ன பசுமை!’ என்று வியக்காதவர் இல்லை. அவற்றில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி மேடுகளில் அவற்றை வரிசை வரிசையாக நட்டதன் காரணங்களில் ஒன்று, ஆலைகளுக்கு மரக்கூழ். பவானிக் கரையில், சிறுமுகையில் இருந்த தென்னிந்திய விஸ்கோஸ் ஆலைக்கு ரேயான் இழை செய்ய லாரி லாரியாக இங்கிருந்து மரம் இறங்கியது. கழிவுநீர்ப் பிரச்சினையில் சிக்கிய அந்த ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சீகை மட்டும் மூடுவிழா காணவில்லை. பரவிக்கொண்டே இருக்கிறது.

இந்த மரங்களுக்கு மலை கொடுத்த விலையை அளந்தும் வைத்திருக்கிறார்கள். பைக்காராவுக்குப் பக்கத்து கிளன்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஊட்டி மையம் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மறுபடி தழைத்த சுற்றில் குறைவு இன்னும் கூடியது. 1932 முதல் மின்சாரம் எடுத்துவரும் ஆறு பைக்காரா. கூழுக்காக நட்ட மரம் அதன் தண்ணீரில் கைவைத்தது என்றால், அந்தக் கூழின் அடக்க விலையை யார் எழுதினார்கள்?

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் காட்டை நம்பியிராமல் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடி உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இன்று தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் விவசாயிகளுக்குக் கன்று கொடுத்துச் சவுக்கும் கற்பூர மரமும் வாங்குகிறது. புகளூர் காகிதபுரத்தில் அது தொடங்கப்பட்டதே கரும்புச் சக்கையை நம்பித்தான். மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில், 2016 முதல், ஆண்டுக்கு 2 லட்சம் டன் பெட்டி அட்டை செய்யும் திறனுள்ள ஆலையும் அதற்கு இருக்கிறது.

இப்போது கதை மலைக்கே திரும்புகிறது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளைப் பிடித்து ஆட்டும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற வெப்பமண்டல அமெரிக்க மரத்தை வெட்டிக் கூழாக்க அதே நிறுவனத்தை அரசு இறக்கியிருக்கிறது. மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும், பார்க்க அழகு. அடியில் புல் முளைக்காது, மானும் யானையும் சீண்டாது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றமும் விடாமல் கேட்டுவருகிறது. காட்டைக் கெடுக்கும் மரம் பெட்டியாகட்டும் என்பது அருமையான யோசனை. நான் அதற்கு ஆதரவுதான்.

ஆனாலும் ஓர் உறுத்தல். ஆலைக்கு மரம் வருடம் தவறாமல் வேண்டும். காட்டுக்கோ இந்த மரம் ஒரு தடவை போனால் திரும்பவே கூடாது. மலையிலுள்ள சீகைக்கும் இதே வைத்தியம் என்றால், அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதை மறக்கக் கூடாது. மேலே நிழல் விலகியதும் கீரைப் பாத்தி போல முளைத்துவிடும். வெட்டிய டன் கணக்கு மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால், ஆலைக்கு அடுத்த அறுவடையை நாமே விதைத்துக் கொடுத்ததாகிவிடும். வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் கன்று பிடுங்கவும் புல் நடவும் கூலி யார் தருவது என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். பல வருடம் கழித்து அங்கே புல் நிற்கிறதா, சீகை நிற்கிறதா என்று பார்த்து வந்து சொல்ல ஆள் வேண்டும்.

பெரிய கம்பெனிகள் இப்போது பெட்டியின் மூலையில் மரமும் டிக் குறியும் சேர்ந்த, பொறுப்பான வனப் பராமரிப்புக்கான எஃப்எஸ்சி முத்திரை போடுகின்றன. அதன் கீழே உள்ள சொல்லையும் படியுங்கள். ‘ரீசைக்கிள்டு’ என்றால் மறுசுழற்சிக் காகிதம். ‘மிக்ஸ்’ என்றால் பல மூலங்களிலிருந்து கலந்தது. முத்திரை இருப்பது இல்லாததை விட மேல். கிளன்மார்கன் கணக்கு அந்த முத்திரைக்குள் அடங்குமா என்பது வேறு விஷயம்.

சிறுமுகை ஆலையில் வேலை பார்த்தவர்கள், அந்த நாளில் பைக்காரா, கிளன்மார்கன் பக்கம் சீகை வெட்டப் போனவர்கள், லாரி ஓட்டியவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். ஒரு லோடுக்கு என்ன கூலி, எந்த மேடு அப்போது புல்லாக இருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். வரும் இதழ்களில் அதற்கென்று பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்