தாலாட்டு நேரமும் தந்தையின் ஆட்டமும்

உழைப்பு, ஓய்வு, உறக்கம் என்னும் மூன்றும் மனித வாழ்வைத் தாங்கி நிற்கும் முக்காலியின் கால்கள். ஒன்று குறைந்தாலும் இருக்கை சாயும். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவன் நாளின் இறுதியில் சிறிது நேரத்தைத் தனக்கென விரும்புவது குற்றமன்று, இயல்பேயாகும். நம் முன்னோர் அந்நேரத்தைத் திண்ணையில் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் ஆடிக் கழித்தனர். முற்றத்தில் பெண்டிர் பல்லாங்குழி ஆடினர். இன்றைய இளம் பெற்றோர் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடுகின்றனர். கருவி மாறியதேயொழிய மனத்தின் வேட்கை மாறவில்லை. ஆயினும் அந்த ஒரு மணி நேரம் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்டாக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. அது சூது. வள்ளுவர் அதனைக் கடிவதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். 2025-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இந்திய நாடாளுமன்றமும் அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. நாம் பேசுவது பொழுதுபோக்கிற்காக ஆடும் ஆட்டங்களைப் பற்றியே. அவற்றை ஆடுவோர் அனைவரையும் நோயாளர் என்று கூறுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில் 'ஆட்டச் சீர்குலைவு' இடம்பெற்றது உண்மையே. ஆனால் கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகிய இயல்புகள் பொதுவாக ஓராண்டுக் காலமேனும் நீடித்தாலே அப்பெயர் பொருந்தும். மாலையில் அரைமணி நேரம் ஆடுபவர் அப்பட்டியலில் சேரார்.

பிள்ளைத்தமிழ் காட்டும் நெறி

உறக்கத்தையும் விளையாட்டையும் பகையாகக் கருதாத இலக்கியம் நம்முடையது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம். நாவை அசைத்துத் தாலாட்டும் பருவம். அதே நூலின் இறுதியில் ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் விளையாட்டுகளும், பெண்பாற் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் வருகின்றன. தாலுக்கு ஒரு பருவம், தேருக்கு ஒரு பருவம் என ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைப் புலவர்கள் வகுத்தனர். ஒன்றன் இடத்தை மற்றொன்று கவர்ந்துகொள்ளவில்லை. இவ்வொழுங்கு பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் உரியதே.

குழந்தையின் உறக்கத்திற்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. பகலில் ஒன்றரை மணி நேரம் உறங்கிக் காலை ஏழு மணிக்கு எழும் இரண்டு வயதுக் குழந்தை மொத்தம் 12 மணி நேரம் உறங்க வேண்டுமாயின், இரவு எட்டரைக்குக் கண்ணயர்ந்தாக வேண்டும். விளக்கை அணைப்பது போலக் குழந்தையை உறக்கத்தில் ஆழ்த்திவிட இயலாது. உணவு, கைகால் கழுவுதல், கதை, தாலாட்டு எனப் படிப்படியாக இறங்கியே அது உறக்கத்தை அடைகிறது. ஆகவே எட்டரை மணி உறக்கத்திற்கு ஏழரை மணியிலிருந்தே வீடு ஆயத்தமாக வேண்டும்.

பெரும்பாலான தந்தையர் பணியிலிருந்து திரும்பி மூச்சு வாங்குவதும் அந்நேரத்திலேதான். நண்பர்கள் இணையத்தில் ஆட்டத்திற்குக் கூடத் தொடங்குவதும் அதையொட்டியே. இவ்வாறு ஒரே நேரத்தின்மேல் இருவர் உரிமை கொண்டாடுகின்றனர். அவருள் ஒருவருக்கு வழக்காடப் பேச்சு இன்னும் முழுமையாக வரவில்லை.

நிறுத்தக்கூடிய ஆட்டமும் நிறுத்தவொண்ணா ஆட்டமும்

ஆட்டங்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. பழைய ஆட்டங்கள் மனிதருக்காகக் காத்திருந்தன. தாயம் ஆடுகையில் குழந்தை அழுதால், "என் காயை நீ உருட்டு" என்று அருகிருப்பவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். சதுரங்கத்தில் ஆட்டத்தை இடைநிறுத்தி, அடுத்த நகர்த்தலை உறையிலிட்டு முத்திரை வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1972-இல் ரெய்க்யவிக் நகரில் பாபி பிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் 21-ஆம் ஆட்டம் அவ்வாறே இரவில் நிறுத்திவைக்கப்பட்டது. மறுநாள் ஸ்பாஸ்கி தொலைபேசி வழியே தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டமே ஓரிரவு காத்திருந்தது! மின்னணு ஆட்டங்களும் இதனை அறியாதன அல்ல. 1982-இல் வெளிவந்த அட்டாரி 5200 கருவியின் கைப்பிடியிலேயே ஆட்டத்தை இடைநிறுத்தும் பொத்தான் அமைந்திருந்தது.

இணையவழிக் குழு ஆட்டங்களின் இயல்பு வேறு. நூறுபேர் ஒரே களத்தில் இறங்கி, ஒருவரோ ஒரு குழுவோ எஞ்சும்வரை ஆடும் ஆட்டத்தில் இடைநிறுத்தம் என்பதே இல்லை. ஓர் ஆட்டம் அரைமணி நேரம்வரை நீளும். நடுவில் எழுந்தால் குழுவினரைக் கைவிட்ட பழி வந்து சேரும். நாள்தோறும் வந்து போவோருக்குப் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு என்று அமைந்த ஆட்டங்களும் பல. இவை தற்செயலாக அமைந்தவை அல்ல. ஆடுபவர் விலகிச் செல்லாதிருக்கத் திட்டமிட்டு நெய்யப்பட்டவை. பக்கத்து அறையில் அழும் குழந்தைக்கும் களத்தில் அழைக்கும் தோழருக்கும் இடையே தந்தை திண்டாடுவதற்கு அவனது மனவுறுதிக் குறைவு மட்டுமே காரணமன்று. அவன் தேர்ந்தெடுத்த ஆட்டத்தின் அமைப்பும் காரணமாகும்.

ஆட்டத்திற்குத் திரும்பத் துடிக்கும் பெற்றோரின் அவசரத்தைக் குழந்தை எளிதில் உணர்ந்துகொள்கிறது. தட்டிக் கொடுக்கும் கை விரைவதும், கதை பாதியில் சுருங்குவதும் அதற்குத் தெரியும். தன்னை விட்டுப் போகப்போகிறார் என்று அறிந்த குழந்தை தண்ணீர் கேட்கும், மீண்டும் கதை கேட்கும், கழுத்தைக் கட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த முனைந்தவர் ஒரு மணி நேரத்தை இழப்பார். அருகிலமர்ந்து திரையை ஒளிரவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இரவில் விழும் வலிய ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பைத் தாழ்த்துகிறது.

யாருடைய ஓய்வு?

தந்தை ஆடும்போது தாலாட்டுபவர் யார் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. 2019-இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். குழந்தைகள், முதியோர் முதலிய வீட்டாரைப் பேணுவதில் ஈடுபட்டோருள் பெண்கள் 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். 2024-இல் நடந்த ஆய்விலும் வீட்டு வேலைக் கணக்கு 289-க்கு 88 என்றே அமைந்தது. தந்தையின் ஆட்ட நேரம் தாயின் கணக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. அவளுக்கும் ஒரு நூலைப் படிக்கவோ, ஒரு பாடலைக் கேட்கவோ, விரும்பினால் அதே ஆட்டத்தை ஆடவோ ஆசை இருத்தல் கூடும். ஒருவர் களைப்பை மட்டும் களைப்பென்று மதிக்கும் இல்லத்தில் நீதி இல்லை.

இரவு நீளக் கண்விழித்து ஆடுவது இதற்கு மாற்றாகாது. பகலில் தனக்கென நேரம் கிட்டாதவர் உறக்கத்தைத் தியாகம் செய்து இரவில் அதனை மீட்க முயல்வதைப் 'பழிதீர்க்கும் கண்விழிப்பு' எனப் பொருள்படும் ஒரு தொடரால் சீனர் குறிக்கின்றனர். முதியவருக்கு இரவில் ஏழு மணி நேரமேனும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. நள்ளிரவு இரண்டு மணிவரை ஆடியவர் காலை ஆறு மணிக்குக் குழந்தையோடு எழும்போது, அந்தப் பழி அவர்மீதே தீர்க்கப்படுகிறது. அவர் சினத்தின் வடிவில் குழந்தைமீதும் விழுகிறது.

அவ்வாறாயின் குழந்தை வளரும்வரை ஆட்டத்தை அறவே துறந்துவிடலாமே என்பர் சிலர். நான் உடன்படேன். மகிழ்ச்சியற்ற பெற்றோரால் மகிழ்ச்சியைப் பகிர முடியாது. துறவு தேவையில்லை, முறைவைப்புப் போதும். ஓரிரவு தந்தை உறங்கவைத்தால் மறுநாள் தாய் உறங்கவைக்கட்டும். முறையற்ற நாளில் அவரவர் ஓய்வு அவரவர்க்குத் தடையின்றிக் கிடைக்கட்டும். குழந்தை விழித்திருக்கும் வரை நிறுத்தக்கூடிய ஆட்டங்களே போதும். நிறுத்தவொண்ணா ஆட்டத்திற்கு வாரத்தில் ஒன்றிரண்டு இரவுகளைக் குறித்து, முடியும் நேரத்தையும் முன்னரே குறித்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டி உடனுறையும் வீடுகளில் அவர்தம் கதைகளுக்கும் ஒரு முறை ஒதுக்கலாம். ஆயின் அவர்களைக் கூலியில்லாக் காவலராக ஆக்கிவிடலாகாது.

2021-இல் சீன அரசு பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டுமே இணைய ஆட்டம் ஆடலாம் என ஆணையிட்டது. பிள்ளைகளுக்கு அரசு காவல் வைத்தது. பெற்றோருக்குக் காவல் வைக்க எந்த அரசாலும் இயலாது. அதனை அவர்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் இன்று ஆட்டத்தில் வல்லவர். நாளை பெற்றோராக இருப்பீர். ஆட்டத்தில் இழந்த படிநிலையை அடுத்த வாரம் மீட்டுவிடலாம். தாலப் பருவமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும்; தாலாட்டு வேண்டாம் என்று குழந்தை சொல்லும் நாள் முன்னறிவிப்பின்றியே வரும். அந்நாள் வரையிலேனும் ஆட்டம் காத்திருக்கட்டும். குழந்தையைக் காக்க வைக்க வேண்டா.