பெற்றது ஒன்பது, இருப்பது ஐந்து

என் பள்ளித் தோழன் ஒருவனின் மகன் சிகாகோவில் வேலையில் இருக்கிறான். கட்டிக்கொண்டது அந்த ஊர்ப் பெண். சிகாகோவுக்குத் தெற்கே அறுபது மைல் போனால் கேங்ககீ என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்தில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடும் விவசாயக் குடும்பம் அவளுடையது. போன தை மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மாமா, பழைய பிரெஞ்சுக் கையெழுத்து படிப்பீங்களா? இவளோட பாட்டி குடும்ப வரலாறு எழுதறாங்க. சர்ச் புஸ்தகம் நாலு பக்கம் கிடைச்சிருக்கு. ஒண்ணும் புரியலயாம்."

பிரெஞ்சு வழியில் படித்தவன், உத்தியோக காலம் முழுதும் பழைய பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவன். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அனுப்பச் சொன்னேன். அந்த நாலு பக்கத்தால்தான் இந்தக் கட்டுரை. வழக்கம்போல, தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா நடுவில் உள்ள இல்லினாய் மாநிலத்து விவசாயிக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1830களில் நோயேல் லெவாசேர் என்ற கியூபெக்காரர், தோல் வியாபாரி, கேங்ககீ ஆற்றங்கரையில் பூர்போனே என்ற இடத்தில் குடியேறினார். பிறகு தன் ஊர்க்காரர்களையும் வரச் சொன்னார். கியூபெக்கில் நிலம் பிள்ளைகளுக்குள் பிரிந்து பிரிந்து போதாமல் போன காலம். 1840களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பங்குச் சாமியார் பேசியது பிரெஞ்சு, எழுதியதும் பிரெஞ்சு. இன்று அந்தப் பாட்டிக்கு (வயது எண்பத்தாறு) பிரெஞ்சில் ஒரு வாக்கியம் வராது. ஆனால் தன் பாட்டியை "மெமேர்" என்றுதான் கூப்பிட்டாராம். அது பிரெஞ்சுச் சொல் என்பதே பிற்பாடுதான் தெரியுமாம்.

பாட்டி எழுதி வைத்திருந்த வம்சப் படத்தில் அந்த மெமேருக்கு ஐந்து பிள்ளைகள். 1881, 1883, 1892, 1894, 1897. பார்த்தவுடன் எனக்கு உறுத்தியது. 1883க்கும் 1892க்கும் நடுவே ஒன்பது வருஷம் காலி. அந்தக் காலத்து விவசாய வீட்டில் அவ்வளவு இடைவெளி இருந்தால், அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பதிவேட்டில் வரிசை எண் தாண்டியிருந்தால் குமாஸ்தாவுக்கு எப்படி உறுத்துமோ, அப்படி.

"1900 சென்சஸ் தாள் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. அமெரிக்காவில் சென்சஸ் தாள்களை 72 வருஷம் மூடி வைத்திருந்து, பிறகு எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் வருஷத்தது 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தது. 1900ஆம் வருஷத் தாளைப் போல விவரமானது குறைவு. பிறந்த மாதம், வருஷம், கல்யாணமாகி எத்தனை வருஷம், எந்த வருஷம் நாட்டுக்குள் வந்தார், பண்ணை சொந்தமா குத்தகையா, சொந்தமென்றால் அடமானத்தில் இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இவற்றோடு இரண்டு சின்னக் கட்டங்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை.

மெமேரின் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: 9, 5.

பாட்டி பல வருஷமாக அந்தத் தாளை வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் ஐந்து பெயரையும் எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒன்பது கண்ணில் படவில்லை. குற்றமில்லை, நாம் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். இருப்பவர்களைத் தேடிப் போகிறவனுக்கு இல்லாதவர்கள் தெரிவதில்லை.

அந்த நாலு பேர் எங்கே? 1890 சென்சஸில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாள்கள் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. எரிந்தது கொஞ்சம், தீயணைத்த தண்ணீரில் ஊறியது கொஞ்சம். மிஞ்சியதைச் சீர்செய்யாமல் போட்டு வைத்திருந்து, 1933 பிப்ரவரி 21 அன்று, வேண்டாத காகிதங்களோடு அதையும் அழிக்க அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஜனாதிபதி ஹூவர் அடிக்கல் நாட்டியிருந்தார்! ஆறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் இன்று பெயர் மிஞ்சியது ஆறாயிரத்துச் சொச்சம் பேருக்கு.

பிறப்பு இறப்புப் பதிவு? இல்லினாயில் 1877இல் சட்டம் வந்தும் கிராமத்தில் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். மாநிலம் முழுக்க ஒழுங்கானது 1916இல்தான். ஆக மிஞ்சியது கோயில் புத்தகம். அந்த நாலு பக்கம்.

1890 நவம்பரில் இரண்டு அடக்கங்கள், ஒன்பது நாள் இடைவெளியில். நாலு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண். அப்பா பெயரும் அம்மாவின் பிறந்தகப் பெயரும் அவர்களுடையவைதான். காரணம் எழுதவில்லை, எழுதும் வழக்கமும் இல்லை. தொண்டை அடைப்பானும் செங்காய்ச்சலும் வீடு வீடாகக் குழந்தைகளை வாரிப் போன காலம் அது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இந்த இருவரின் பெயரும் ஒரே ஒரு சென்சஸில்தான் ஏறியிருக்க முடியும். 1880இல் அவர்கள் பிறக்கவில்லை, 1900இல் இல்லை. ஏறிய அந்த ஒரு தாளும் எரிந்துவிட்டது.

மூன்றாவது பதிவு 1885. முன்பு யாரோ இதைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் பெயர் 'அனோனிம்', குடும்பப்பெயர் 'ஓந்துவாயே' என்று ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். வேறு குடும்பம் என்று பாட்டி தள்ளி வைத்துவிட்டார். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனோனிம் என்றால் பெயரிடாத குழந்தை. ஓந்துவாயே என்றால், சாமியார் வருவதற்குள் உயிர் போய்விடுமென்று வீட்டிலிருந்தவர்களே, பெரும்பாலும் மருத்துவச்சி, தலையில் தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்தது. அதே வரியில் அப்பா, அம்மா பெயர் தெளிவாக இருந்தது.

இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பாட்டி ஏதோ கேட்டார். பையன் மொழிபெயர்த்தான்: "பையனா, பொண்ணான்னு எழுதியிருக்கா மாமா?" எழுதவில்லை.

நாலாவது குழந்தை அந்தப் பக்கங்களில் இல்லை.

இனி நான் சொல்ல வந்த கருத்து. அந்தக் குடும்பத்தில் இப்போது ஒரு சச்சரவு. அச்சுக்குப் போகும் புத்தகத்தில் இந்தக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டுமா? பாட்டியின் தம்பி முறை உள்ள ஒருவர் வேண்டாம் என்கிறார். படத்தில் இடமில்லை, இவர்களிடமிருந்து யாரும் கிளைக்கவில்லை, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் எடுத்துப் படிக்கப்போகும் புத்தகத்தில் சாவு எதற்கு என்று. என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள்.

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். துக்கத்தை ஊருக்குக் காட்டாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். ஆனாலும் சேர்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வாரிசுச் சான்றிதழ் வேறு, குடும்ப வரலாறு வேறு. சொத்து யாருக்குப் போகும் என்பதற்கு முதலாவது. அதில் உயிரோடு இருப்பவர்கள் போதும். ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இரண்டாவது. ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகளை மண்ணில் வைத்த வீடு, அடுத்த வருஷம் எப்படி விதைத்தது? 1892இல் பிறந்த குழந்தையை எத்தனை பயத்தோடு வளர்த்திருப்பாள்? ஒன்பதை விட்டுவிட்டு ஐந்தை மட்டும் எழுதினால், அந்தப் பெண்மணி ஏதோ சௌகரியமாக ஐந்து பெற்று வளர்த்தவள் ஆகிவிடுகிறாள்.

எனக்கு இது புத்தி வந்தது தாமதமாகத்தான். 1991இல் சென்சஸ் வேலைக்கு என்னையும் போட்டார்கள். நம் படிவத்திலும் அந்த இரண்டு கேள்வியும் உண்டு. கடலோரக் குப்பம் ஒன்றில், வெயில், இன்னும் முப்பது வீடு பாக்கி. ஓர் அம்மாவிடம், "இருக்கிற பிள்ளைங்க எத்தனை?" என்று மட்டும் கேட்டேன். மூன்று என்றார். அதையே இரண்டு கட்டத்திலும் போட்டுவிட்டு எழுந்தேன். "பெத்தது எத்தனைன்னு கேக்க மாட்டியா தம்பி?" என்றார். உட்கார்ந்தேன். ஏழு. போன நாலு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். படிவத்தில் பெயருக்கு இடமில்லை, எண்ணுக்குத்தான் இடம். அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். மூன்றை அடித்து ஏழு என்று திருத்தினேன்.

1900இல் அந்தப் பண்ணை வீட்டு வாசலில் பதில் சொன்னது மெமேரா, அவர் கணவரா, தாளில் குறிப்பில்லை. ஆனால் பெயர் கூட வைக்காத குழந்தையையும் சேர்த்து ஒன்பது என்று கணக்கு வைத்திருக்க, பெற்றவளைத் தவிர யாரால் முடியும்?

இன்னொன்றும் சொன்னேன், அது அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. புத்தகம், "ஆளில்லாத புல்வெளிக்கு எங்கள் முன்னோர் வந்தார்கள்" என்று தொடங்குகிறது. ஆளில்லாத வெளி அல்ல அது. பொட்டவாட்டமி மக்கள் வாழ்ந்த மண். 1832இல் டிப்பகனூ ஒப்பந்தங்களிலும் 1833இல் சிகாகோ ஒப்பந்தத்திலும் அவர்களிடமிருந்து எழுதி வாங்கி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பங்காக்கி, ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்று விற்றது அரசு. பாட்டி வீட்டில் முதல் பட்டா பத்திரமாக இருக்கிறது. பட்டாவுக்கு முந்தின வரி ஒன்றையும் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? வாரிசுகளை மட்டும் எண்ணும் பழக்கம் நிலத்தின் கதையிலும் வருகிறது, கவனியுங்கள்.

நம்மில் சிலரும் இப்போது வம்ச வரலாறு தேட ஆரம்பித்திருக்கிறீர்கள். பதிவேடு பார்த்துப் பழகியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மேலேயிருந்து, ஏதோ ராஜா மந்திரியிலிருந்து, கீழே வராதீர்கள். உங்களிடமிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். எழுத்து மாறியிருக்கிறதே என்று ஆளைத் தள்ளிவிடாதீர்கள். கியூபெக்கிலிருந்து போனவர்களில் 'ருவா' கிங் ஆனார், 'புவாவேர்' கிரீன்வுட் ஆனார். நம் ஊரில் 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆனவர்கள் புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பெண்களைத் தேடுவதற்கு மட்டும் கியூபெக் கோயில் புத்தகம் ஒரு வரப்பிரசாதம். கல்யாணம் ஆனாலும் பிறந்தகப் பெயரிலேயே எழுதுவார்கள். கடைசியாக, வீட்டில் வயதான அம்மா, பாட்டி இருந்தால், இருக்கிறது எத்தனை என்பதோடு விடாமல், பெற்றது எத்தனை என்றும் கேளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

போன வாரம் பையன் பேசினான். மூன்று குழந்தைகளும் புத்தகத்தில் ஏறிவிட்டார்கள். பெயரில்லாத குழந்தைக்கு ஒரு கோடும், 1885 என்ற வருஷமும். புல்வெளி வாக்கியம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறதாம்.

நாலாவது குழந்தைக்கு நான் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். பூர்போனேக்குப் பக்கத்தில் செயின்ட் ஆன் என்ற ஊரில் ஷினிக்கி என்ற கத்தோலிக்கச் சாமியார் 1850களில் ஆயரோடு சண்டை போட்டுப் பிரிந்து, 1860இல் ஜனங்களோடு பிரெஸ்பிட்டேரியன் சபைக்குப் போய்விட்டார். அண்ணன் ஒரு கோயில், தம்பி ஒரு கோயில் என்று குடும்பங்கள் பிரிந்தன. மெமேரின் பிறந்தகம் செயின்ட் ஆன் பக்கம். பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தால், அந்தக் குழந்தை எதிர்ச்சபைப் புத்தகத்தில் இருக்கலாம். வெயில் குறைந்ததும் பாட்டியைக் காரில் வைத்து அழைத்துப் போகிறானாம். பக்கம் கிடைத்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.