பொருந்துவதும் பொருந்தாமையும்: குழாய் இணைப்பி பற்றி ஒரு கருத்து

தொழிற்சாலைகளில் நீர், எண்ணெய், அமிலம், நீராவி, வாயு முதலியவற்றை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் நெகிழ்குழாயைத் தொழிலாளர் ‘ஹோஸ்’ என்று வழங்குகின்றனர். அதன் முனையில் அமைந்து, தொட்டியோடும் பம்போடும் அதனைச் சேர்ப்பது ‘கப்ளிங்’ எனப்படும் இணைப்பி. பம்பையும் தொட்டியையும் வாங்குமுன் பல நாள் ஆராய்பவர்கள் கூட, இந்தச் சிறு உறுப்பைக் கடையில் கிடைத்தபடியே வாங்கிவிடுகின்றனர். ஆனால் நாள்தோறும் கழற்றப்படுவதும் மீண்டும் பூட்டப்படுவதும், பூட்டுகிறவனுடைய கவனத்தை முற்றிலும் நம்பி நிற்பதும் இந்த உறுப்பே.

நல்ல இணைப்பி எது என்று கேட்டால், கழலாதது, கசியாதது என்று இரண்டு இலக்கணங்களை யாவரும் சொல்லுவர். மூன்றாவது ஒன்றும் உண்டு. சேரக்கூடாத ஒன்றோடு அது சேர மறுக்க வேண்டும். முன்னிரண்டைப் பற்றிக் காட்டப்படும் அக்கறையில் பாதியேனும் இந்த மூன்றாவதற்கும் காட்டப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலிரண்டு இலக்கணங்களை முதலில் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில், சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் அழுத்தத்தில் ஒரு திரவம் ஓடுவதாகக் கொள்வோம். குழாய் வாயின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்டிமீட்டர். ஆகவே இணைப்பியின் இரு பாதிகளையும் பிரிக்க முயலும் விசை சுமார் 137 கிலோகிராம். அதாவது, இரண்டு ஆட்களின் எடை. விட்டம் இருமடங்காகி 100 மில்லிமீட்டர் ஆனால், விசை நான்கு மடங்காகி 550 கிலோகிராமை எட்டுகிறது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் குழாய் வாயைவிட அகன்று அமைந்திருப்பின், அழுத்தம் அந்த அகன்ற பரப்பின்மீது செயற்படுவதால் விசை இன்னும் மிகும். உயர்நிலைப் பள்ளி மாணவனும் இக்கணக்கைச் செய்துவிடலாம். செய்தவன், குழாயைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டி ‘இப்போதைக்கு இது போதும்’ என்று சொல்ல ஒருப்படமாட்டான்.

இந்த விசையைத் தாங்குவதோடு இணைப்பியின் கடமை முடிந்துவிடுவதில்லை. இருபுறமும் காதுகள் போன்ற நெம்புகோல்களை மடக்கிப் பூட்டும் இணைப்பியை டாங்கர் லாரிகளில் பலரும் கண்டிருப்பர். அதைப் பூட்டுவது எளிது. அந்த எளிமையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பம்பின் அதிர்ச்சியால் நெம்புகோல் சிறிது சிறிதாக மேலெழலாம். உள்ளே அழுத்தம் எஞ்சியிருக்கும்போது ஒருவர் அறியாமல் அதைத் திறக்கவும் கூடும். ஆகவே நெம்புகோல் தானாக எழாதபடி தடுக்கும் இரண்டாம் பூட்டும், அழுத்தம் தணிந்ததைக் காட்டும் வழியும் அமைப்பிலேயே இருக்க வேண்டும். கழற்றிய கணமே இரு முனைகளும் தாமே மூடிக்கொள்ளுமாயின் இன்னும் நன்று. நம் வீடுகளிலுள்ள சமையல் எரிவாயுச் சிலிண்டரில், ரெகுலேட்டரை எடுத்ததும் வால்வு தானே மூடிக்கொள்கிறது. இல்லத்தரசிக்கு நாம் அளித்துள்ள இந்தக் காப்பை, அமிலம் இறக்கும் தொழிலாளிக்கு ஏன் அளிக்கக் கூடாது?

இனி மூன்றாம் இலக்கணத்திற்கு வருவோம். இங்கே ஒரு முரண் இருப்பது போலத் தோன்றும். ஏனெனில், இணைப்பிகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் விளைந்த கேட்டையே வரலாறு முதலில் நமக்குக் காட்டுகிறது.

1904-ம் ஆண்டு பிப்ரவரி 7-ம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் விரைந்து வந்தன. ஆயினும் வந்தவர்கள் பலருடைய குழாய்களின் மரை, பால்டிமோர் நகரின் நீர்க்குழாய் வாய்களில் பொருந்தவில்லை. ஆளும் இருந்தனர், நீரும் இருந்தது, இரண்டையும் சேர்க்கும் உறுப்பு மட்டும் இல்லை. ஏறத்தாழ முப்பது மணி நேரம் எரிந்த அத்தீயில் 1,500-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. அதன் பின்னர், நாடெங்கும் தீயணைப்புக் குழாய்களுக்கு ஒரே அளவு வேண்டுமென்ற முயற்சி அங்கே வலுப்பெற்றது. ஆனால் தரம் வகுத்தது போல அதைக் கைக்கொள்ளுவது எளிதாக இருக்கவில்லை. எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1991-ம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லந்து மலைப்பகுதியில் தீ பரவியபோதும், அவ்வூர் நீர்க்குழாய் வாய்கள் மூன்று அங்குலமாகவும் உதவிக்கு வந்த பிற ஊர்ப் படைகளின் இணைப்பிகள் இரண்டரை அங்குலமாகவும் இருந்தன.

தீயணைப்புக்கு ஒரே வடிவம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஜெர்மனியில் பெருவழக்கிலுள்ள ஸ்டோர்ஸ் இணைப்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவானது. அதில் உட்செல்வது, ஏற்பது என்ற வேறுபாடே இல்லை; ஒரே அளவுள்ள எந்தப் பாதியும் எந்தப் பாதியோடும் சேரும். இருளிலும் புகையிலும் பதற்றத்திலும் பணியாற்றும் தீயணைப்பு வீரனுக்கு இதனினும் ஏற்ற அமைப்பு அரிது. நம் நாட்டிலும் தீயணைப்புக் குழாய் இணைப்பிகளுக்கென்று ஐ.எஸ். 903 என்னும் தரம் வகுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் தீயணைப்பில் குணமாக விளங்குவது, இரசாயனக் கூடத்தில் குற்றமாகிவிடுகிறது. 2016-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அட்சிசன் நகரில், ஒரு தொழிற்சாலைக்குக் கந்தக அமிலம் ஏற்றிய லாரி வந்தது. அமிலத் தொட்டிக்குச் செல்லும் குழாய் வாயும், சோடியம் ஹைப்போகுளோரைட்டுத் தொட்டிக்குச் செல்லும் குழாய் வாயும் ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் அமைந்திருந்தன, தோற்றத்திலும் ஒத்திருந்தன, தெளிவான அடையாளமும் இல்லை. அமிலக் குழாயின் பூட்டைத் தொழிற்சாலைப் பணியாளர் திறந்துவிட்டார். மற்றக் குழாயும் பூட்டப்படாமலே இருந்தது. லாரி ஓட்டுநர் தம் குழாயை அந்த மற்ற வாயில் மாட்டினார். அது சிறிதும் தடையின்றிப் பொருந்தியது. அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கலந்து, குளோரின் அடங்கிய நச்சு மேகம் எழுந்து நகரின்மேல் படர்ந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவ உதவியை நாடினர்.

இதன் இரசாயனம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. சலவைத்தூளின்மீது நீர்த்த அமிலம் பட்டால் குளோரின் வெளிப்படும் என்பது பள்ளிப் பாடம். வகுப்பறையில் ஒரு சிட்டிகைத் தூளால் நிகழ்வதே அங்கே ஆயிரக்கணக்கான லிட்டர் அளவில் நிகழ்ந்தது. அவ்வாறு நிகழக் காரணமாக இருந்த உறுப்பு பழுதுபட்டது அன்று; கசியவுமில்லை, கழலவுமில்லை. முதலிரண்டு இலக்கணங்களும் குறைவின்றி நிறைந்த இணைப்பியே அது. மூன்றாவது மட்டும் இல்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர், ‘ஓட்டுநர் கவனித்திருக்க வேண்டும்’ என்று சொல்லுவது வழக்கம். கவனம் வேண்டியதே. ஆயினும் இரவு முழுதும் வண்டி ஓட்டிவந்து, அறியாத ஊரில், அறியாத முற்றத்தில் நிற்கும் ஒருவருடைய கவனத்தின்மீது ஒரு நகரின் மூச்சை வைப்பது முறையாகாது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆபத்தான பொருள் ஏற்றும் டாங்கர்களில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டுமென விதித்துள்ளன. அப்பலகை படிக்கத் தெரிந்தவருக்கும் படிக்க நேரமிருப்பவருக்கும் பயன்படும். இணைப்பியின் வடிவமோ, கண் காணத் தவறியதையும் கையால் உணரச் செய்யும்.

முன்பு கூறிய முரண் இப்போது தீர்கிறது. ஒரே பணிக்குரிய இணைப்பிகள் நாடெங்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கலக்கக்கூடாத பொருள்களின் இணைப்பிகள் எந்த ஊரிலும் பொருந்தக் கூடாது. இவ்விரண்டும் ஒரே விதியின் இரு பக்கங்கள். எது எதனோடு சேரலாம் என்பதை வாங்குபவரின் வசதியோ விற்பவரின் சரக்கோ தீர்மானிக்காமல், பொருளின் இயல்பே தீர்மானிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய கொள்கையுமன்று. தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டரும் அசிட்டிலீன் சிலிண்டரும் அருகருகே நிற்கின்றன. ஆக்சிஜன் குழாயின் நட்டு வலம்புரி மரை கொண்டது. எரிவாயுக் குழாயின் நட்டு இடம்புரி மரை கொண்டது. பட்டறைச் சிறுவன் எழுத்தறியாதவனாயினும் ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. அழுத்த வாயுச் சிலிண்டர்களின் வால்வுகளுக்கான ஐ.எஸ். 3224 என்னும் இந்தியத் தரமும், வாயுவுக்கேற்ப வால்வின் வாய் வேறுபட வேண்டும் என்ற கொள்கையையே தழுவியது. வாயுக்களுக்கு நாம் ஏற்றுக்கொண்ட நெறியை, டாங்கரிலிருந்து தொட்டிக்கு இறக்கப்படும் அமிலம், காரம், ஹைப்போகுளோரைட்டு முதலிய திரவங்களுக்கும் விரிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் போக்கில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தால், பால்டிமோரின் குழப்பமே மீண்டும் வரும். 1947-ம் ஆண்டு இந்தியத் தர நிறுவனமாகத் தொடங்கி, 1987-ம் ஆண்டு முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக இயங்கும் தேசிய அமைப்பே இதற்குரிய இடம். பொருள் வகைக்கு ஒரு வடிவம் என்னும் பட்டியலை, உற்பத்தியாளரும் பயன்படுத்துவோரும் அங்கே கூடி வகுக்கலாம்.

இணைப்பியின் வடிவத்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2002-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பெஸ்டஸ் நகரை அடுத்த ஒரு நிலையத்தில் ரயில் டாங்கரிலிருந்து குளோரின் இறக்கும் நெகிழ்குழாய் வெடித்தது. சுமார் மூன்று மணி நேரத்தில் இருபத்தோரு டன்னுக்கு மேற்பட்ட குளோரின் வெளியேறியது. குழாயின் புறப்பின்னல் ஹாஸ்டெல்லாய் என்னும் உலோகக் கலவையால் ஆகியிருக்க வேண்டும். உண்மையில் அது குளோரினைத் தாங்காத சாதாரணத் துருவுறா எஃகால் ஆகியிருந்தது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இதனின்றும் கற்பது என்ன? குழாயும் இணைப்பியும் உற்பத்தியாளராலேயே பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பொருத்தப்பட வேண்டும். குழாய் எந்த உலோகத்தால் ஆனது, எந்தப் பொருளுக்குரியது, எந்த அழுத்தத்தில் எப்போது சோதிக்கப்பட்டது என்பவை இணைப்பியின்மீதே அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். பட்டறையில் பழைய இணைப்பியைக் கழற்றிப் புதிய குழாயில் மாட்டும் வழக்கம் இருக்கும்வரை அந்தப் பொறிப்புக்குப் பொருளில்லை.

செலவு மிகும் என்பர் சிலர். உண்மையே. பல வடிவங்களை இருப்பில் வைப்பது ஒரே வடிவத்தை வைப்பதினும் செலவுடையது. சிறு தொழில் நடத்துவோருக்கு அது சுமையாகவும் இருக்கும். ஆதலால் எல்லாக் குழாய்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கலந்தால் நச்சு வாயு எழும் பொருள்கள் அருகருகே இறக்கப்படும் இடங்களில் தொடங்கலாம். அங்கும் உடனே இயலாவிடில், இரு வாய்களையும் தொலைவில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சாவியுள்ள பூட்டுப் போடலாம். வேறு சிலர், எவ்வடிவத்தையும் எவ்வடிவத்தோடும் சேர்க்கும் இடைத்துண்டு கடையில் கிடைக்குமே என்பர். இது வலிய மறுப்பு. வடிவ வேறுபாடு தரும் காப்பை ஓர் இடைத்துண்டு ஒரு நொடியில் அழித்துவிடும். ஆகவே இறக்குமிடத்தில் இடைத்துண்டு வைத்திருப்பதையே தவறாகக் கருதும் ஒழுங்கு வேண்டும்.

களப்பணியாளர்கள் தாம் செல்லும் நீரேற்று நிலையத்திலும் தொழிற்கூடத்திலும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கலாம்: ‘இந்தக் குழாயை அந்த வாயில் மாட்ட முடியுமா?’ கேட்டதோடு நில்லாமல், இரண்டும் காலியாகவும் தூய்மையாகவும் இருக்கும் வேளையில், பொறுப்பாளரின் அனுமதியோடு, பொருத்தியே பார்க்கலாம். பொருந்திவிட்டால் அன்றைய குறிப்பேட்டில் முதல் வரியாக அது எழுதப்பட வேண்டும். ஆசிரியர்கள் ஒரு வலம்புரி நட்டையும் ஓர் இடம்புரி நட்டையும் வகுப்பில் மாணவர் கையிற் கொடுத்து, ஏன் இவை சேர மறுக்கின்றன என்று கேட்கலாம். அம்மாணவர்களுள் சிலரேனும் நாளை ஒரு தொட்டியின் அருகே பொறுப்பேற்று நிற்பார்கள்; அன்று குழாய் வாய் எதனோடும் பொருந்துவதைக் கண்டால், அதை வசதியென்று எண்ணாமல் குறையென்று கண்டுகொள்வார்கள்.