பொறுத்துக்கொள் என்பது வைத்தியமாகாது

வலியைப் பற்றிப் பேசுவதற்கும் எமது சமூகத்தில் ஓர் எழுதப்படாத சட்டம் இருக்கிறது. பல்வலியைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேருந்தில் அருகில் அமர்ந்திருக்கும் அறிமுகமற்றவரிடம்கூடப் பேசலாம். ஆனால், முகத்தில் வளரும் மயிரை லேசர் மூலம் அகற்றச் சென்ற ஒருவர் தான் பட்ட வலியைச் சொன்னால், அவருக்குக் கிடைப்பது அனுதாபமல்ல, ஒரு கேலிச் சிரிப்பு, அல்லது "யார் உங்களைப் போகச் சொன்னது?" என்ற கேள்வி. இந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பலர் வாய்மூடிச் சகிக்கின்றனர். சிலர் யாரிடமும் கேளாமல் தாமாகவே வலிக்கு மருந்து தேடுகின்றனர். அவ்வாறு தேடியதனால் உயிரிழந்தவர்களும் உண்டு.

இது வெறும் அலங்கார விடயம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடவேண்டும். சூலகங்களைப் பாதிக்கும் பி.சி.ஓ.எஸ். என்னும் ஹோர்மோன் கோளாறு உள்ள பெண்களிற் பலருக்கு நாடியிலும் தாடையிலும் தடித்த மயிர் வளர்கிறது. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 6.3 வீதத்தினருக்கு இக்கோளாறு இருப்பதாகக் கண்டது. நூறு பெண்கள் கற்கும் ஒரு விரிவுரை மண்டபத்தில் ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால் இதன் பரிமாணம் விளங்கும். இவர்களைவிட, சவரம் செய்யும்போதெல்லாம் மயிர் தோலுக்குள் சுருண்டு வளர்ந்து சீழ்க்கட்டும் ஆண்கள் இருக்கின்றனர். ஹோர்மோன் சிகிச்சை பெற்றாலும் ஏற்கனவே வளர்ந்துவிட்ட தாடி அதனால் மறைவதில்லை என்பதை அனுபவத்தில் அறிந்த திருநங்கையர் இருக்கின்றனர். இவர்கள் எவருக்கும் இது ஆடம்பரம் அல்ல. நாலு பேர் மத்தியில் தலைநிமிர்ந்து நிற்பதற்கான வழி.

லேசர் ஏன் நோகிறது? மயிருக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறப்பொருள் ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுகிறது. அந்த வெப்பம் மயிர்க்காலைச் சுட்டு அழிக்கிறது. குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியினால் சுற்றியுள்ள திசுவை விட்டு இலக்கை மாத்திரம் சுடலாம் என்ற கோட்பாட்டை அண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் 1983 இல் முன்வைத்தனர். மயிர் எவ்வளவு தடிப்பாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு வெப்பமும் கூடும். தாடி மயிரோ உடலிலேயே தடித்த மயிர்களுள் ஒன்று. முகமோ நரம்புகள் செறிந்த இடம். மேலுதட்டில் படும் ஒவ்வொரு துடிப்பும் கண்ணில் நீரை வரவழைப்பதில் வியப்பில்லை. முதல் இரண்டு மூன்று அமர்வுகளே மிகவும் கடினமானவை. மயிர் குறையக் குறைய வலியும் குறையும்.

எம்மவரின் தோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மெலனின் மயிரில் மட்டுமன்றி எமது மேற்றோலிலும் நிறைய இருக்கிறது. 755 நனோமீற்றர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர் தோலுக்கு உகந்தது. கருந்தோலிலோ அது தோலையே சுட்டுத் தழும்பாக்கிவிடக்கூடும். 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்.டி. யாக் லேசர் மேற்றோலைப் பெருமளவு தாண்டி ஆழத்துக்குச் செல்வதால் எமக்குப் பாதுகாப்பானது. ஆனால் அதற்குக் கூடிய சக்தி தேவைப்படுவதால் அது கூடுதலாக நோகும். ஆகவே "வலியே இல்லை" என்று விளம்பரம் செய்பவரிடம், எந்த வகை லேசர், எவ்வளவு சக்தி என்று கேட்கத் தயங்கக்கூடாது. போதிய சக்தியின்றிச் சுடப்படும்போது, பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் முகத்தில் மயிர் குறைவதற்குப் பதிலாகக் கூடி வளர்வதும் உண்டு என்பது தோல் வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை.

எனது மருமகள், அதாவது என் தங்கையின் மகள், கொழும்பிலுள்ள ஒரு நிலையத்துக்கு இந்தச் சிகிச்சைக்காகச் சென்றுவந்தவள். பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்குச் சம்மதித்திருக்கிறாள். "மாமா, நோகுது எண்டு சொன்னா, வடிவு வேணுமெண்டா பொறுக்கத்தானே வேணும் எண்டு சொல்லிச் சிரிக்கினம்" என்றாள். மூன்றாவது அமர்வுக்கு முன்னர் அங்கிருந்த ஒருத்தி பெயரோ பட்டியலோ ஒட்டப்படாத சிறு டப்பியில் வெள்ளைக் கிறீம் ஒன்றைக் கொடுத்து, வீட்டிலேயே முகம் முழுவதும் தடிப்பாகப் பூசி, மேலே பொலித்தீன் சுற்றிக்கொண்டு வரும்படி கூறியிருக்கிறாள். நல்லவேளையாக என் தங்கை அதைப் பூச விடவில்லை. அந்த டப்பியில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இங்கு பிரச்சினை.

ஏனெனில் அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. லேசர் மயிரகற்றலுக்கு முன்னர் கால்களில் மரப்புக் கிறீம் பூசிப் பொலித்தீனால் சுற்றிக்கொண்ட 22 வயதும் 25 வயதுமான இரு பெண்கள் வலிப்பு வந்து, நினைவிழந்து, பின்னர் இறந்தனர். மருந்தகத்திலேயே தயாரிக்கப்பட்ட அந்தக் கிறீம்களில் மரப்பு மருந்துகள் மிக அதிக அளவில் இருந்தன. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2007 பெப்ரவரியில் இதுகுறித்துப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. 2024 மார்ச்சிலும், இத்தகைய சிகிச்சைகளுக்கென விற்கப்படும், 4 வீதத்துக்கு மேற்பட்ட லிடோகேயின் அடங்கிய பூச்சுக்களைத் தவிர்க்குமாறு அது மீண்டும் எச்சரித்தது. தோலில் பூசுவதுதானே, என்ன செய்துவிடும் என்று எண்ணுவது தவறு. அதிக இடத்தில், அதிக நேரம், மூடிக்கட்டிப் பூசினால் மருந்து இரத்தத்தில் கலந்து இதயத்தையும் மூளையையும் தாக்கும்.

அப்படியானால் வலியைச் சகிப்பதுதான் வழியா? இல்லை. முறையான வழிகள் இருக்கின்றன. அவற்றிற் பல செலவற்றவை. முதலாவது, சிகிச்சைக்கு முன்னர் மயிரை நன்றாகச் சவரம் செய்வது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் தீய்ந்து, தேவையற்ற வலியையும் தோற்சூட்டையும் தரும். ஆனால் நூலாலோ மெழுகாலோ வேரோடு பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் லேசருக்கு இலக்கே இருக்காது. இரண்டாவது, குளிர்ச்சி. தோலைத் தொடும் முனையே குளிர்ந்திருக்கும் கருவிகளும், குளிர்காற்று வீசும் கருவிகளும் உண்டு. குளிர்ச்சி வலியைக் குறைப்பதோடு மேற்றோலையும் காக்கிறது. குளிரூட்டும் வசதி இல்லாத இடத்தில் முகத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனமல்ல. மூன்றாவது, சிறு சிறு பகுதிகளாகச் செய்து இடையிடையே ஓய்வு தருவது. நான்காவது, வைத்தியர் தடை சொல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் இரண்டு பனடோல் எடுப்பது.

மரப்புக் கிறீமும் தடைசெய்யப்பட்ட பொருளன்று. லிடோகேயின் 2.5 வீதமும் பிரிலோகேயின் 2.5 வீதமும் அடங்கிய கிறீம் உலகெங்கும் வைத்தியர்களால் பயன்படுத்தப்படுகிறது. அதன் பெயரும் அளவும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கவேண்டும். எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். கண்ணுக்கு அருகில் படக்கூடாது. இதய நோய், ஈரல் நோய், குருதி தொடர்பான நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே கூறவேண்டும். தாடியின் வேர்கள் ஆழத்தில் இருப்பதால் எந்தக் கிறீமும் வலியை முற்றாக நீக்காது என்பதையும் அறிந்து செல்வது நல்லது.

முற்றாக நீக்கவும் கூடாது என்பேன். லேசர் முனையின் கீழ் இருப்பவர் உணரும் வலி, கருவியை இயக்குபவருக்குக் கிடைக்கும் தகவலும் ஆகும். சுள்ளென்று சுட்டு உடனே தணிவது வழமையான வலி. தணியாமல் எரிந்துகொண்டே இருப்பது தோல் வேகிறது என்பதன் அறிகுறி. "நிறுத்துங்கள்" என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் இடத்தில் அந்த அறிகுறியும் சிரிப்போடு போய்விடுகிறது. பின்னர் முகத்தில் மிஞ்சுவது கரும் தழும்பு. ஓரிரு நாள் சிவப்பும் சிறு தடிப்பும் சாதாரணம். கொப்புளம் கிளம்பினால் பற்பசை பூசிப் பரிகாரம் தேடாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் ஒழுங்குபடுத்துவதற்கென 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் எம் நாட்டில் இருக்கிறது. பெயரில்லாத டப்பிகள் அழகு நிலையங்களில் கைமாறுவதைத் தேடிச்சென்று தடுப்பது அதிகாரிகளின் கடமை. ஆயினும் அதிகாரிகள் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சிகிச்சைக்குச் செல்பவர் கேட்பதற்கு மூன்று கேள்விகள் போதும்: இந்தக் கருவி என் தோலுக்கு ஏற்றதா? இந்தக் கிறீமில் என்ன இருக்கிறது? நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ, தங்கையோ, தம்பியோ நோகிறது என்று சொன்னால் ஏன் போனாய் என்று கேளாதீர்கள். எங்கே நோகிறது என்று கேளுங்கள். பல் பிடுங்கச் செல்பவரிடம் பொறுத்துக்கொள் என்று எந்த வைத்தியரும் கூறுவதில்லை. ஊசி போட்டுவிட்டுத்தான் பல்லைத் தொடுகிறார். முகத்து மயிரை அகற்றச் செல்பவருக்கும் அந்த மரியாதை கிடைக்கவேண்டும்.