கடிக்கும் பருவம்

வத்தளைச் சந்தைப் பக்கமாக விடியற்காலையில் நடந்து செல்வோர், சாக்கிலோ அட்டைப் பெட்டியிலோ இட்டுக் கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளை அவ்வப்போது கண்டிருப்பர். கண் திறவாத குட்டிகளும் அவற்றுள் உண்டு. கழுத்துப் பட்டியின் தடம் இன்னும் மறையாத நான்கைந்து மாதக் குட்டிகளும் உண்டு. ஆசையோடு கொண்டுவந்து, பாலூட்டி, பெயரும் இட்டு வளர்த்தவர்களே சில மாதங்களுக்குள் அவற்றைத் தெருவில் விட்டுவிடுவது ஏன்? "சப்பாத்தைக் கடிக்கிறது, கதிரைக் காலைக் கடிக்கிறது, பிள்ளைகளின் கையையும் கடிக்கிறது" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் விடை.

இந்த விடையைச் சொல்பவர்களுள் ஒருவனாக நானும் ஆகியிருப்பேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த குட்டி, நான்கு மாதம் நிறைந்த அளவில், என் மகளின் கணிதக் கொப்பியைத் துண்டு துண்டாகக் கிழித்துவிட்டது. அதற்கு முந்திய வாரந்தான் நான் கல்லூரிக்கு அணிந்து செல்லும் சப்பாத்து அதற்கு இரையாகியிருந்தது. "இனி இது இந்த வீட்டில் இருக்கலாகாது" என்று தீர்ப்பளித்து, நானும் ஒரு சாக்கை எடுத்துவிட்டேன். அழுதுகொண்டே கிழிந்த தாள்களைப் பொறுக்கிய மகள், "அப்பா, இதைப் பாருங்கோ" என்று கையை நீட்டினாள். அவளுடைய உள்ளங்கையில் அரிசிமணி போன்ற பல் ஒன்று கிடந்தது. தாளில் ஒரு துளி இரத்தக் கறையும் இருந்தது. பல் விழும் நோவினால் கடித்த குட்டியைக் குற்றவாளி என்று தண்டிக்க முற்பட்ட என் அவசரத்தை எண்ணி நாணினேன். சாக்கு பழைய இடத்துக்கே சென்றது. அதன்பின் மிருக வைத்தியரிடம் கேட்டும், நூல்களிற் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றேன்.

தலை வளரும் விதம்

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குப் பார்வை இல்லை, செவிப்புலன் இல்லை, பல்லும் இல்லை. உருண்டைத் தலையும் குறுகிய முகவாயும் மட்டுமே உண்டு. தாயின் மடியில் முகத்தைப் பதித்துப் பால் குடிப்பதற்கு அந்தக் குறுகிய முகவாயே ஏற்றது. பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் கண்கள் திறக்கின்றன. மூன்றாம் வாரமளவில் காது கேட்கத் தொடங்குகின்றது. பின்னர் முகவாய் முன்னோக்கி விரைந்து நீள்கின்றது. மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்போதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒன்று சில வாரம் முந்தும், மற்றையது பின்னர் அதனை எட்டிப் பிடிக்கும்.

மாணவர்கள் தங்கள் நெற்றிப்பொட்டில் ஒரு விரலை வைத்துப் பற்களை இறுகக் கடித்துப் பார்க்கவேண்டும். விரலின் கீழ் ஒரு தசை புடைப்பதை உணரலாம். மனிதனிடம் சிறிதாயுள்ள இந்தத் தசை, நாயின் மண்டையோட்டுப் பக்கத்தைப் பெரும்பாலும் மூடி நிற்கின்றது. கன்னத்திலுள்ள தசையும் இதனோடு சேர்ந்தே தாடையை மூடுகின்றது. நாயின் தலை வயதாக ஆக அகன்று தோன்றுவதற்கு இத்தசைகளின் வளர்ச்சி ஒரு முக்கிய காரணம்.

இதைக் கேள்வியுற்ற சிலர், வன்மையான எலும்பைக் கடிக்கக் கொடுத்தால் குட்டியின் தலை பெருக்கும் என்று எண்ணுகின்றனர். இது தவறு. தலையின் அளவையும் வடிவையும் முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் பிறப்பு. கிரேஹவுண்டின் நீண்ட முகமும், புல்டாக்கின் தட்டையான முகமும், நம் தெருநாயின் இடைத்தரமான முகமும் பரம்பரையாக வந்தவை. நல்ல உணவும் நோயின்மையும் அவ்வளர்ச்சிக்குத் துணை செய்யும். கடிப்பதனால் தசைக்குப் பயிற்சி கிடைக்கலாம். சிறிய தலை பெரிய தலையாகிவிடாது.

28 பற்களும் 42 பற்களும்

மூன்று வாரமளவில் தோன்றத் தொடங்கும் பால்பற்கள் எட்டு வாரத்துக்குள் 28 ஆகின்றன. ஊசிபோற் கூர்மையான அப்பற்கள் ஏறத்தாழ நான்காம் மாதத்தில் விழத் தொடங்குகின்றன. ஆறாம், ஏழாம் மாதத்துக்குள் நிலையான பற்கள் 42, மேலே 20, கீழே 22 என்று வந்துவிடுகின்றன. மனிதப் பிள்ளை ஆறு வயது தொடங்கிப் பன்னிரண்டு வயதுவரை ஆறுதலாகச் செய்யும் பல் மாற்றத்தை, நாய்க்குட்டி சுமார் மூன்றே மாதத்திற் செய்து முடிக்கின்றது. அதன் ஈறு எவ்வளவு நோகும், எவ்வளவு தினவெடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? அதற்குக் கையும் இல்லை. ஒரு பொருளை அறியவேண்டுமாயின் வாயால்தான் தொட்டுப் பார்க்கவேண்டும்.

இக்காலத்தில் பெற்றோர் வாரம் ஒருமுறை குட்டியின் வாயைத் திறந்து பார்ப்பது நன்று. சில குட்டிகளுக்கு, சிறப்பாகச் சிறிய இனங்களுக்கு, பழைய கோரைப்பல் விழாதிருக்க, அதன் அருகே புதிய கோரைப்பல் முளைத்துவிடும். ஓரிடத்தில் இரண்டு பற்கள் நின்றால் புதிய பல் வழிதவறும். தாடைகளின் பொருத்தமும் கெடும். அப்போது தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கடிக்காதிருப்பதற்காகக் குட்டியின் வாயைக் கயிற்றால் கட்டுவோரும் உளர். குரைத்த நாயின் வாயை ஏழு அம்புகளால் அடைத்த ஏகலைவன், அதற்குக் காயம் உண்டாகாதபடி அதைச் செய்தானாம். நம்மிடம் அந்த வித்தை இல்லை! நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வாய்திறந்து இளைத்தே தணிக்கின்றது. கொழும்பு வெய்யிலில் அதன் வாயைக் கட்டுவது உயிருக்கே உலை வைப்பதாகும். வாயை அடைப்பதை விட்டு, அதற்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதே அறிவுடைமை.

எதைக் கொடுக்கலாகாது?

நாயின் தாடை கத்தரிக்கோல் போல மேலும் கீழுமாகவே இயங்குவது. மாட்டின் தாடையைப் போலப் பக்கவாட்டில் அரைப்பதன்று. ஆகவே மிகக் கடினமான பொருளை அது கடிக்கும்போது, மேல் தாடையிலுள்ள பெரிய வெட்டும் பல் பலகை போலப் பிளந்துவிடக்கூடும். மாட்டெலும்பு, மான்கொம்பு, கல் ஆகியவை இவ்வாறு பல்லை உடைப்பவை. சிரட்டையும் கடினமானது, உடைந்தால் கூரிய சில்லாகி ஈற்றைக் கிழிக்கும். சமைத்த கோழி எலும்பும் கூரிய சிம்புகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் துளைக்கும்.

நம் வீட்டு முற்றத்தில் வேறு இரண்டு பகைவர் உளர். ஒன்று மாங்கொட்டை, மற்றையது சோளப்பொத்தியின் நடுத்தண்டு. விழுங்கப்பட்டால் இவை செரியாது, குடலை அடைத்துக்கொள்ளும். வாசலிற் கிடக்கும் தும்புக் கால்மிதி, கயிறு, காலுறை ஆகியவற்றின் இழைகளும் குடலைச் சுருட்டி வெட்டவல்லவை. குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, உணவை வெறுத்து, மலங்கழியாமல் வருந்தினால் கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

பழைய சப்பாத்தையும் கொடுத்தலாகாது. பழையது இது, புதியது இது என்ற பேதத்தை நாய்க்குட்டி அறியாது. என் சப்பாத்து அழிந்ததற்கு, அதற்கு முன் நானே ஒரு பழஞ்செருப்பைப் போட்டு விளையாடவிட்டதே காரணம்.

எதைக் கொடுக்கலாம்?

மூன்று சோதனைகளை மனத்திற் கொள்க. பெருவிரல் நகத்தால் அழுத்தினால் அப்பொருள் சிறிதாவது பதியவேண்டும். பதியாதது பல்லை உடைக்கும். குட்டியின் வாய்க்குள் முழுவதும் அடங்கிவிடாத அளவினதாய் இருக்கவேண்டும். சிறிய பந்து தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்திவிடும். துண்டாகவோ இழையாகவோ கழன்று வராததாய் இருக்கவேண்டும். பொத்தான் கண் வைத்த பொம்மை இச்சோதனையில் தேறாது.

இவற்றுக்கெல்லாம் இசைவது நல்ல இறப்பர். 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் நடப்பட்ட ஹெனரத்கொடைத் தோட்டம் நமது கம்பஹா மாவட்டத்திலேயே உள்ளது. நாய்களுக்கான இறப்பர் விளையாட்டுப் பொருளின் கதையும் சுவையானது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் பழுதுபார்த்த ஃபோக்ஸ்வாகன் வண்டியின் இறப்பர் உறுப்பொன்று அதன் வாயில் அகப்பட்டது. நாய் அதனை விட மறுத்தது. "காங்" என்று இன்று உலகெங்கும் விற்கப்படும் பொருள் அவ்வாறு பிறந்ததே. குட்டிகளுக்கு மென்மையான வகையையே வாங்கவேண்டும். உள்ளே குழிவுடையதாயின் இருபுறமும் துளை இருத்தல் வேண்டும். ஒரு துளை மட்டும் இருந்தால் நாக்கு உறிஞ்சப்பட்டுச் சிக்கிக்கொள்ளலாம்.

விலை கொடுத்து வாங்க இயலாதோர் வருந்தவேண்டியதில்லை. தடித்த பருத்தித் துணியை நனைத்து, முடிச்சிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் ஈற்றின் வேதனை தணியும். நூல் பிரியத் தொடங்கியதும் அதை எறிந்துவிடுக. குளிர்ந்த முழுக் கரட்டைக் கையிற் பிடித்தபடி கடிக்கவிடலாம். எதைக் கொடுத்தாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பல் மாறும் காலத்தில் துணியைப் பற்றி இழுத்து விளையாடுவதும் கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

குட்டி விளையாட்டாகக் கையைக் கடித்தால் அடிக்காதீர்கள். கையை விலக்கி, விளையாட்டை நிறுத்தி, இறப்பர்ப் பொருளை நீட்டுங்கள். நாளடைவில் அது கற்றுக்கொள்ளும். ஆனால் பல் பட்டுத் தோல் கிழிந்தால், "சின்னக் குட்டிதானே" என்று அதை மறைத்துவிடாதீர்கள். விசர்நோய் குட்டிகளிடமிருந்தும் தொற்றும். காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே பெற்றோரிடம் சொல்லி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குட்டிக்கு மிருக வைத்தியர் குறிக்கும் வயதில் தடுப்பூசி போடுவதும், பின்னர் ஆண்டுதோறும் அதைத் தவறாது போடுவதும் வீட்டாரின் கடமை.

எங்கள் குட்டி இன்று முழு நாயாகி வாசலிற் படுத்திருக்கின்றது. ஏழு மாதம் கழிந்தபின் அது ஒரு கொப்பியையேனும் தொட்டதில்லை. விழுந்த பல்லை மகள் தன் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். நாங்கள் பொறுக்கவேண்டியிருந்தது மூன்று மாதம் மட்டுமே. அந்த மூன்று மாதத்தைப் பொறுக்காதவர்களே சந்தைப் பக்கத்தில் சாக்கை அவிழ்க்கின்றனர். இதை வாசிக்கும் வீடுகளுள் எங்கேனும் இன்று ஒரு சப்பாத்து கிழிந்திருக்குமாயின், சாக்கைத் தேடுமுன் குட்டியின் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள்.